பன்னிரண்டு ராசியும் ஒரு தாழம்பூவும்

(நம் மும்பை கிளையின் மாதக் கூட்டத்தில், விநாயக சதுர்த்திக்கு முந்திய ஞாயிறு மாலை பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் நம் செயலாளர் என்னிடம் வந்து, "மாமா, அடுத்த கூட்டத்துல நீங்க அரை மணி பேசணும். கனமா ஒண்ணும் வேண்டாம். ராசி ஜோக் சொல்லுவேளே, அந்த மாதிரி ஏதாவது" என்றார். பக்கத்தில் நின்றுகொண்டிருந்த மாமி ஒருவர் உடனே, "ஜோக்கெல்லாம் எதுக்கு? பூஜைக்கு வைக்கிற புஷ்பங்களோட தாத்பர்யத்தைச் சொல்லட்டும். நாலு பேருக்கு உபயோகமா இருக்கும்" என்றார். இரண்டு பேரையும் பகைத்துக்கொள்ள எனக்குத் தைரியம் கிடையாது. ஆகவே இரண்டையும் பேசிவிடுவதென்று வந்திருக்கிறேன். அதில் எனக்கு ஒரு சௌகரியமும் உண்டு. ராசி ஜோக், பூ இரண்டையும் நான் கற்றுக்கொண்டது ஒரே ஆளிடம். என் அத்தை.

அப்பாவின் தங்கை. 1931-ல் தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு கிராமத்தில் பிறந்தவள். 1953-ல் அப்பாவுடன் பம்பாய்க்கு வந்து, 2014-ல் காலமாகும் வரை எங்களுடனேயே இருந்தாள். கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். மாதுங்காவில் இரண்டு அறை வீடு. பால்கனி என்று பேருக்கு ஒன்று. அங்கே ஒரு பலகையைப் போட்டுக்கொண்டு, வாழைநாரை நனைத்து வைத்துக்கொண்டு, தினமும் சாயங்காலம் பூத் தொடுப்பாள். கை தொடுக்கும், வாய் பேசும். அந்தப் பேச்சில் பாதி ராசிதான்.

அவள் சொன்னதில் எனக்கு ரொம்பப் பிடித்தது கல்யாணப் பந்தி. சாதம் போட்டாச்சு, பருப்பு, நெய் விழுந்தாச்சு. சாம்பார் வரவில்லை. பன்னிரண்டு ராசிக்காரர்களும் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். யார் என்ன செய்வார்?

மேஷம் எழுந்துபோய்த் தானே வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடும். திரும்பி வருவதற்குள் அதன் இலையில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பார்கள். ரிஷபத்துக்கு சாம்பார் வராததே தெரியாது. இரண்டாம் தடவை உருளைக்கிழங்கு கறி கேட்டுக்கொண்டிருக்கும். மிதுனம் இரண்டு பக்கத்து இலைக்காரர்களுடனும் ஒரே சமயத்தில் பேசிக்கொண்டிருக்கும். சாம்பார் வந்து போய்விட்டதை அப்புறம்தான் கவனிக்கும். கடகத்துக்குக் கண் கலங்கிவிடும். "என் இலைக்கு மட்டும் வேணும்னே வரலை. எங்கம்மா இருந்திருந்தா இப்படி ஆகுமா?" சிம்மம் வாயைத் திறந்து கேட்காது. நிமிர்ந்து ஒரு பார்வை பார்க்கும். சமையல்காரரே நேரில் வந்து விசாரிக்க வேண்டும்.

கன்னி, எத்தனையாவது இலையோடு சாம்பார் நின்றது என்பதை எண்ணி வைத்திருக்கும். அதற்கு முந்தின இலையில் எத்தனை முருங்கைக்காய்த் துண்டு விழுந்தது என்பதும் அதற்குத் தெரியும். துலாம், "சாம்பார் வரட்டுமா, ரசம் வரட்டுமா?" என்று கேட்டால், "ரெண்டுலயும் நல்லது இருக்கு" என்று சொல்லிவிட்டு மோருக்கு வந்து சேரும். விருச்சிகம் ஒன்றும் சொல்லாது. சாப்பிட்டுவிட்டு, தாம்பூலம் வாங்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டே போகும். பதினோரு வருஷம் கழித்து அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் உங்களுக்கு மட்டும் பாயசம் வராது. தனுசு, "சமையல்காரன் தூங்கிட்டானா?" என்று சம்பந்தி காதில் விழுகிற மாதிரி கேட்டுவிடும், மனசில் கல்மிஷம் ஒன்றும் இருக்காது. மகரம் மோர் சாதத்தோடு முடித்துக்கொள்ளும். மிஞ்சுகிற சாம்பாரை ராத்திரிக்குத் தூக்கில் வாங்கிக்கொண்டு போகலாமே! கும்பம், பந்தி விசாரணையை எப்படிச் சீர்திருத்த வேண்டும் என்று நின்றுகொண்டு விளக்கும். அதற்குள் அதன் சாதம் ஆறிப்போயிருக்கும். மீனத்துக்குக் கண் பாதி மூடியிருக்கும். சாம்பார் சாப்பிட்டாச்சு என்றே அது நினைத்துக்கொண்டிருக்கிறது.

இங்கே யார் யார் யாரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தீர்கள் என்பதை நான் மேடையிலிருந்து கவனித்தேன். பெரும்பாலும் சொந்த ஆத்துக்காரரை அல்லது ஆத்துக்காரியைத்தான்.

இந்தப் பரிகாசத்தில் ஒரு நல்ல குணம் உண்டு. என் அம்மாவுக்கு எல்லாவற்றிலும் கணக்கு. எண்ணெய் எத்தனை கரண்டி, பூ எத்தனை முழம் என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். அண்ணன் வீட்டில் ஒண்டியிருக்கிற நாத்தனார் மன்னியைக் குறை சொல்ல முடியுமா? அத்தை சொல்வாள்: "மன்னி என்ன பண்ணுவா, பாவம். கன்னி ராசி. அவளா எண்றா? உள்ளே உக்காந்துண்டு புதன்னா எண்றான்!" அம்மாவும் சிரித்துவிடுவாள். குறையைச் சொன்ன மாதிரியும் ஆயிற்று, மன்னித்த மாதிரியும் ஆயிற்று. ஒரே சமையலறையில் இரண்டு பெண்கள் நாற்பது வருஷம் சண்டையில்லாமல் இருந்தார்கள் என்றால், அதில் புதபகவானுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

இனி என் சொந்த விஷயம். எனக்கு மூன்று ராசி.

நான் பிறந்தது ஏப்ரல் 5. இங்கிலீஷ் பத்திரிகைக் கணக்குப்படி நான் மேஷம். அது வெறும் பிறந்த தேதியை வைத்துச் சொல்வது. அந்த வழக்கம் ரிஷிகள் காலத்தது அல்ல. 1930-ல், லண்டனில் மார்கரெட் இளவரசி பிறந்தபோது, சண்டே எக்ஸ்பிரஸ் பத்திரிகையில் நெய்லர் என்பவர் குழந்தைக்கு ஜாதகம் எழுதினார். வாசகர்கள் விழுந்து விழுந்து படித்ததால் அது தொடர் பகுதியாயிற்று. மற்ற பத்திரிகைகளும் பிடித்துக்கொண்டன. பிறகு 1968-ல் லிண்டா குட்மன் எழுதிய சன் சைன்ஸ் வந்தது. நம்மில் பலர் காலேஜ் நாட்களில் அதைக் கை மாற்றிக் கை மாற்றிப் படித்திருப்போம்.

நம் பஞ்சாங்கப்படி ஏப்ரல் 5 என்றால் பங்குனி. சூரியன் மீனத்தில் இருக்கிறார். மேற்கத்தியர் வசந்த காலச் சம இரவிலிருந்து மேஷத்தை எண்ணுகிறார்கள். நாம் நட்சத்திரங்களை வைத்து எண்ணுகிறோம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு அயனாம்சம் என்று பெயர்; இப்போது அது ஏறக்குறைய 24 பாகை. அதனால்தான் அவர்களுடைய மேஷம் மார்ச் 21 வாக்கிலும், நம் சித்திரை ஏப்ரல் 14 வாக்கிலும் பிறக்கிறது. இதெல்லாம் போக, நாம் ராசி என்று சொல்வது சூரியனை வைத்தல்ல, சந்திரனை வைத்து. அந்தக் கணக்கில் எனக்குக் கன்னி.

வேடிக்கை என்னவென்றால், மேஷத்தின் குணங்களைப் படித்தேன், அப்படியே நான்! மீனத்தைப் படித்தேன், அதுவும் நான். கன்னியைப் படித்துவிட்டு, இத்தனை அந்தரங்கமாக இவர்களுக்கு யார் சொன்னார்கள் என்று என் மனைவியைச் சந்தேகப்பட்டேன்.

இதை 1948-லேயே அமெரிக்காவில் ஃபோரர் என்ற மனோதத்துவப் பேராசிரியர் சோதித்துப் பார்த்துவிட்டார். தன் வகுப்பில் 39 மாணவர்களுக்கு ஒரு பரீட்சை வைத்து, ஒவ்வொருவருக்கும் அவரவர் குணநலன் என்று ஒரு தாள் கொடுத்தார். எந்த அளவுக்குச் சரியாக இருக்கிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள். அதிலிருந்த வாக்கியங்களில் பெரும்பாலானவை கடையில் விற்கிற ஒரு ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்தவை.

போன கூட்டத்தில் உங்களுக்குச் செயலாளர் ஆளுக்கொரு கவர் கொடுத்து, "உங்கள் ராசி பலன்" என்று சொன்னாரே, நினைவிருக்கிறதா? அது என் வேலை. 'நீங்கள் எவ்வளவோ பேருக்கு உதவி செய்திருந்தும் உங்களுக்குப் பெயர் கிடைக்கவில்லை. உங்கள் திறமையைக் குடும்பத்தார் முழுதாகப் புரிந்துகொள்ளவில்லை. வெளியில் தைரியமாகத் தெரிந்தாலும் ராத்திரியில் யோசனை ஓடும்.' எல்லாக் கவரிலும் இதுதான். ஒருவரைத் தவிர எல்லோரும், "அப்படியே புட்டு வைத்தாற்போல் இருக்கிறது" என்றார்கள். அந்த ஒருவர் ஓய்வுபெற்ற ஆடிட்டர், கன்னி ராசி. மூன்றாவது வரியில் எழுத்துப் பிழை இருப்பதாகச் சொன்னார்.

இனிப் பூவுக்கு வருகிறேன். மாமி ரொம்ப நேரமாகக் காத்திருக்கிறார்.

ராசிக்கும் பூவுக்கும் பாலம் நவக்கிரகம். ஒவ்வொரு ராசிக்கும் ஒரு அதிபதி. ஒவ்வொரு கிரகத்துக்கும் ஒரு பூ. சூரியனுக்குச் செந்தாமரை, சுக்கிரனுக்கு வெண்தாமரை, குருவுக்கு முல்லை, சனிக்குக் கருங்குவளை. கருங்குவளைக்கு நாம் மும்பையில் எங்கே போவது? நீலநிறச் சங்குபுஷ்பத்தை வைத்து சனீஸ்வரனைச் சமாதானப்படுத்திக்கொண்டிருக்கிறோம். அவரும் பெரிய மனசு பண்ணி ஏற்றுக்கொள்கிறார். என் அத்தை தனுசு ராசி. அதிபதி குரு. "அதனாலதான் எனக்கு முல்லைன்னா உசிரு" என்பாள். தலையில் வைத்துக்கொண்டதில்லை, தொடுத்துக் கோயிலுக்குக் கொடுத்துவிடுவாள்.

பூஜையில் பூக்களுக்குள்ள சட்டதிட்டங்கள் உங்களுக்குத் தெரிந்தவையே. துளசி பெருமாளுக்கு, பிள்ளையாருக்குச் சதுர்த்தி தவிர மற்ற நாளில் கூடாது. கீழே விழுந்த பூவை எடுக்கக் கூடாது. பவழமல்லிக்கு மட்டும் விலக்கு, ஏனென்றால் அது விழுந்தால்தான் உண்டு. இந்தச் சட்டங்களைவிட, சுவாமி எதை எதையெல்லாம் வாங்கிக்கொள்கிறார் என்பதுதான் என் அத்தைக்கு ஆச்சரியம். எருக்கைப் பாருங்கள். குப்பைமேட்டில் முளைக்கும், ஒடித்தால் பால் வடியும், கண்ணில் பட்டால் ஆபத்து. அது பிள்ளையாருக்கு மாலை. ஊமத்தை விஷம், அது பரமேசுவரனுக்கு. தும்பையைப் போல் அற்பமான பூ உண்டா? அதுவும் அவருக்கே. "நாம வேண்டாம்னு தள்றதையெல்லாம் அவர் வாங்கிண்டுடறார்டா" என்பாள்.

ஊருக்கு ஊர் மாறுவதும் உண்டு. செம்பருத்தி நமக்கு அம்பாள் பூ. இங்கே மராட்டியர்களுக்கு அது கணபதியின் பூ. அதில்லாமல் அவர்களுக்குச் சதுர்த்தி இல்லை. கல்கத்தா அங்கத்தினர்களைக் கேட்டால் காளி பூ என்பார்கள். துலுக்க சாமந்தி இருக்கிறதே, தசராவுக்கு மும்பையில் வாசல்படி, டாக்ஸி, தையல் மிஷின் எல்லாவற்றுக்கும் போடுகிறார்களே, அது இந்த நாட்டுப் பூவே அல்ல. அமெரிக்கக் கண்டத்துப் பூ. ஐரோப்பியர் கப்பலில் வந்த பிறகு நமக்குக் கிடைத்தது. என் பாட்டி அதைப் பூஜையறைக்குள் விடமாட்டாள். இன்று தாதர் மார்க்கெட்டில் அதைக் கூடைகூடையாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள்.

பூக்களுக்கு ஆன்மிகப் பொருள் சொல்வதில் நம் காலத்தில் மிகப் பெரிய காரியம் செய்தவர் புதுச்சேரி அரவிந்தாசிரமத்து ஸ்ரீ அன்னை. ஏறக்குறைய 900 பூக்களுக்கு ஒவ்வொரு பொருள் சொல்லியிருக்கிறார். துளசிக்குப் பக்தி, அது நமக்கும் தெரிந்ததே. நித்தியகல்யாணிக்கு முன்னேற்றம். மரமல்லிக்கு உருமாற்றம். சமாதிக்கு மேல் நிழல் பரப்பி நிற்கும் மரத்தின் மஞ்சள் பூவுக்குச் சேவை. இப்போது சொன்ன துலுக்க சாமந்திக்கு நெகிழ்வு. கம்பவுண்டுச் சுவரில் கிடக்கும் காகிதப்பூ, எந்த அர்ச்சகரும் திரும்பிப் பார்க்காத பூ, அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் கொடுத்தார். இந்த விவரத்தைப் படித்துக் காட்டியபோது அத்தைக்கு இது ஒன்றுதான் பிடித்தது. "முள்ளு இருக்கறதாலயா?" என்று கேட்டாள்.

நம் சாஸ்திரத்திலும் எட்டு மானசப் பூக்கள் உண்டு. செடியில் பூப்பவை அல்ல. அஹிம்சை, இந்திரிய நிக்ரகம், எல்லா உயிர்களிடமும் தயை, பொறுமை, ஞானம், தவம், தியானம், சத்தியம். முதலாவதாக வைத்திருப்பது அஹிம்சையை. அதாவது, ஒருவரையும் நோகச் செய்யாமலிருப்பது. இதை நான் அறுபது வருஷமாக மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதன் பொருள் எனக்கு எப்போது உறைத்தது என்பதைச் சொல்லத்தான் இத்தனை சுற்றி வந்தேன்.

அத்தை தனுசு ராசி என்றேன். நட்சத்திரம் மூலம்.

சபையில் சத்தம் குறைந்துவிட்டது. உங்களுக்கெல்லாம் தெரியும். ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம் என்ற வசனம் தெரியும். மூலத்துப் பெண் மாமனாருக்கு ஆகாது, ஆயில்யம் மாமியாருக்கு, கேட்டை மூத்த மைத்துனருக்கு, விசாகம் இளைய மைத்துனருக்கு. அந்த வசனமே திரிந்துபோனது, ஆனி மூலம் என்பதுதான் சரி என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. மூலத்தில் முதல் பாதத்துக்கு மட்டும்தான் தோஷம் என்பவர்களும் உண்டு. ஜாதகத்தைத் திருப்பி அனுப்புகிறபோது இந்தச் சமாதானமெல்லாம் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

கொஞ்சம் கணக்குப் போடுவோம், நானும் கன்னிதானே. சந்திரன் ஒரு சுற்றுச் சுற்ற 27 நாளும் சில மணியும் ஆகிறது. நட்சத்திரத்துக்கு ஒரு நாள் என்று வையுங்கள். இந்த நாலு நட்சத்திரத்தில் பிறக்கிற பெண் 27-ல் 4. ஏறக்குறைய ஏழு பெண்களில் ஒருத்தி. ஏழு வீட்டுக்கு ஒரு வீட்டில் ஒருவர் போய்ச் சேரவேண்டும் என்றால், நம் சங்கத்தில் இத்தனை மாமனார்கள் உட்கார்ந்திருக்க முடியுமா?

அந்த நாலு நட்சத்திரத்தில் பிறந்தவர்களைப் பாருங்கள். மூலம் ஆஞ்சநேயருடையது, மணவாள மாமுனிகள் ஐப்பசித் திருமூலம். சரஸ்வதியை ஆவாகனம் பண்ணுவதே மூலத்தில்தான். ஆயில்யம் லட்சுமணனுடையது. விசாகம் முருகனுடையது, நம்மாழ்வாருடையது. கேட்டை, ஸ்ரீரங்கத்தில் நந்தவனம் வைத்துத் துளசி மாலை கட்டிக் கொடுத்த தொண்டரடிப்பொடியாழ்வாருடையது. மார்கழிக் கேட்டை. இவர்கள் பிறந்தால் திருநட்சத்திரம் என்று புளியோதரை செய்கிறோம். அதே நாளில் நம் வீட்டில் பெண் குழந்தை பிறந்தால் நர்ஸிடம் நேரத்தைத் திருப்பித் திருப்பிக் கேட்கிறோம், ஒரு அரை மணி முன்னே பின்னே இருக்காதா என்று.

அத்தைக்கு 1948-லிருந்து நாலு வருஷம் வரன் பார்த்தார்கள். நாலு இடம் கிட்டத்தட்ட நிச்சயம் ஆகும் வரை வந்து, நட்சத்திரத்தால் நின்றுபோயிற்று. மாமனார் இல்லாத வீடாகத் தேடினார் தாத்தா. பிறகு தாத்தா போய்விட்டார். பிறகு யாரும் தேடவில்லை.

இப்போது 2002. என் பையனுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். தாணேயிலிருந்து ஒரு ஜாதகம் வந்தது. பெண் இன்ஜினீயர், நல்ல குடும்பம், எட்டுப் பொருத்தம் இருந்தது. மூலம், இரண்டாம் பாதம். ஜோசியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "மாமனாருக்குக் கொஞ்சம்..." என்று இழுத்தார். அதாவது எனக்கு. நான் அன்று சாயங்காலமே பெண்ணின் அப்பாவுக்கு, மூல நட்சத்திரமாக இருப்பதால் மேற்கொண்டு பார்க்கவில்லை என்று மரியாதையாக ஒரு கடிதம் எழுதித் தபாலில் போட்டேன். பையனிடம் சொல்லவில்லை. என் வீட்டில், பால்கனியில், மூலத்தில் பிறந்த ஒருத்தி ஐம்பது வருஷமாகப் பூத் தொடுத்துக்கொண்டிருக்கிறாள் என்பது, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அப்போது ஞாபகமே வரவில்லை.

மேஜை மேல் கிடந்த ஜாதக நகலை அத்தை பார்த்துவிட்டாள். ரெண்டு நாள் கழித்துப் பூத் தொடுத்துக்கொண்டே கேட்டாள்: "அந்தத் தாணே பொண்ணு என்ன ஆச்சு?"

"பொருந்தலை அத்தை."

"எட்டுப் பொருத்தம்னு போட்டிருந்தே?"

நான் பதில் சொல்லவில்லை. அவள் சிரித்தாள். கோபமாகவோ அழுகையாகவோ இருந்திருந்தால் எனக்கு அத்தனை கஷ்டமாக இருந்திருக்காது. "உனக்கு ஆயுசு கெட்டியா வேணுமாக்கும்" என்றாள். பிறகு, "என்னை வேண்டாம்னாளே நாலு ஆத்துல, அந்த நாலு மாமனாரும் போயிட்டா, தெரியுமோ? நான் அவாத்துப் படி ஏறாமலேயே போயிட்டா" என்றாள். கை நிற்கவே இல்லை. அந்த முழம் முடிந்ததும் நாரைக் கடித்து அறுத்தாள்.

மறுநாள் காலை தாணேக்குப் போன் செய்தேன். தவறு செய்துவிட்டேன், மேற்கொண்டு பேசலாமா என்று கேட்டேன். பெண்ணின் அப்பா மிகவும் மரியாதைப்பட்டவர். "உங்க லெட்டரை அவ படிச்சுட்டா சார். 'என்னால ஒருத்தர் உயிருக்கு ஆபத்துன்னு நினைக்கறவா ஆத்துக்கு நான் எதுக்குப் போகணும்'னு கேக்கறா. எனக்குப் பதில் தெரியலை" என்றார். எனக்கும் தெரியவில்லை. போனை வைத்துவிட்டேன்.

2004-ல் பையனுக்குக் கல்யாணம் நடந்தது. மருமகள் ரோகிணி நட்சத்திரம், கிருஷ்ணனுடைய நட்சத்திரம். தங்கமான பெண், இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள், நான் இதைச் சொல்லப்போகிறேன் என்று அவளிடம் கேட்டுக்கொண்டுதான் வந்தேன். அவள் வந்த ஐந்தாம் வருஷம் எனக்கு பைபாஸ் ஆயிற்று. ரோகிணியை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மூலமாக இருந்திருந்தால் ஆஸ்பத்திரி வராந்தாவில் என்ன பேசியிருப்பார்கள் என்பதை உங்கள் ஊகத்துக்கு விடுகிறேன்.

தாழம்பூவைப் பற்றிச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. சிவன் கோயில்களில் கருவறைக்குப் பின்சுவரில் லிங்கோத்பவர் இருப்பார். அடிமுடி தேடிய கதை. அன்னமாகப் பறந்த பிரம்மா, முடியைப் பார்த்துவிட்டதாகச் சொல்ல, மேலேயிருந்து விழுந்துகொண்டிருந்த தாழம்பூ அதற்குப் பொய்ச்சாட்சி சொன்னது. அன்றிலிருந்து சிவபூஜைக்கு ஆகாது என்று தள்ளிவைக்கப்பட்டது. ஆனால் ராமநாதபுரம் பக்கத்தில் உத்தரகோசமங்கையில் சுவாமிக்குத் தாழம்பூ சாத்துகிறார்கள். அங்கே அது பெரிய விசேஷம்.

2005-ல் அத்தையை ராமேஸ்வரம் அழைத்துக்கொண்டு போனேன். போகிற வழியில் உத்தரகோசமங்கை. எப்படியோ தேடி ஒரு தாழம்பூ மடல் வாங்கி அவள் கையில் கொடுத்தேன். அர்ச்சகர் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அத்தை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாத்திய பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வெளியே மண்டபத்தில் உட்கார்ந்தபோது, "பொய் சொன்ன பூவுக்கே ஒரு ஊர் இருக்கு பாரு" என்றாள். அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. முழங்கால் வலிக்கிறது, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்துகொண்டாள்.

பொய் சொன்ன பூவாவது ஏதோ செய்தது. இந்தப் பெண்கள் என்ன செய்தார்கள்? ஒரு குறிப்பிட்ட நாளில் பிறந்தார்கள்.

ஒரு வேண்டுகோள். நம் வரன் விளம்பரங்களில் "மூலம், ஆயில்யம் தவிர" என்று ஒரு வரி போடுகிறோம். ஒரு சொல்லுக்கு இத்தனை ரூபாய் என்று காசு கொடுத்துப் போடுகிறோம். அடுத்த தடவை அந்த வரியை எழுதுமுன் உங்கள் சொந்தத்தில், அத்தையோ சித்தியோ ஒன்றுவிட்ட அக்காவோ, இந்த நாலு நட்சத்திரத்தில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். ஏழில் ஒருத்தி, கட்டாயம் இருப்பாள். நம் கிளையின் வரன் பதிவுப் படிவத்திலும் "விலக்க வேண்டிய நட்சத்திரம்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை எடுத்துவிடலாமே என்று செயலாளருக்கு எழுத்துமூலம் கொடுத்து இரண்டு மாதம் ஆகிறது. இன்னும் பதில் வரவில்லை. அவர் துலாம் ராசி. நிறுத்துக்கொண்டிருக்கிறார்.

இன்று காலை தாதர் மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். கணபதிக்காகக் கேவடா வந்து குவிந்திருக்கிறது, நம் தாழம்பூதான். வாசலில் ஒரு கூடை வைத்திருக்கிறேன். போகும்போது ஆளுக்கு ஒரு மடல் எடுத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் முள் இருக்கிறது, குழந்தைகள் கையில் கொடுக்கும்போது பார்த்துக் கொடுங்கள். காபி வந்துவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். நமஸ்காரம்.